ஆறாமீனுக்கு நான் எழுதிய பன்னிரண்டு மணி

ஓய்வு பெற்ற வருவாய்த் துறை ஊழியர்கள் கூடுகிற கூட்டத்துக்கு நான் போவதே வடைக்காகத்தான். போன முறை போனபோது, இப்போது ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருக்கிற ஒரு தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "ஐயா, தண்ணி முறை உத்தரவு எப்படி எழுதணும்னு எங்களுக்கு மாதிரி காட்டுனதே நீங்க எழுதுனதைத்தான். ஒரே பக்கம், நாலு பத்தி. மணிக்கணக்கு அம்புட்டுத் தெளிவு" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். சங்க மலருக்கு அந்த அனுபவத்தைக் கட்டுரையாக எழுதித் தரச் சொல்லியும் கேட்டார்கள்.

எழுதித் தருகிறேன். ஆனால் கைதட்டியவர்கள் கடைசி வரை படிக்க வேண்டும்.

ஐம்பதுகளின் நடுவில் வேலைக்கு வந்தேன். ஆறு மாதம் சர்வே பயிற்சி. சங்கிலி இழுத்து உள்ளங்கை காய்த்துப்போனது, வெயிலில் மூக்குத் தோல் உரிந்தது, பட்டா, அடங்கல், சிட்டா என்று எல்லாம் மனப்பாடம் ஆயிற்று. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. அதற்குப் பிறகு திண்டுக்கல்லில் எனக்கு வாய்த்த மேலதிகாரியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

டெபுடி தாசில்தார். நாங்கள் 'டெபுடி சார்' என்போம். ஒல்லியான மனிதர், எங்கே போனாலும் சைக்கிள். விசாரணைக்குப் போகிற ஊரில் யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார், சைக்கிள் ஹாண்டில்பாரில் கூஜா தொங்கும். நாம் எழுதிக்கொண்டு போகிற அறிக்கையை வரி வரியாகப் படிப்பார். ஒவ்வொரு வரிக்கும் பென்சிலை வைத்து, "இது கண்ணால பாத்ததா, காதால கேட்டதா?" என்பார். கண்ணால் பார்த்தது என்றால் அடுத்த வரி. காதால் கேட்டது என்றால் யார் வாயிலிருந்து என்று பெயர் கேட்பார். ரெண்டும் இல்லை, நாமாக யூகித்தது என்றால் பென்சில் அப்படியே நின்றுவிடும். நம்மைத் திட்டுவது கிடையாது. அறிக்கையை மடித்துக் கையில் கொடுத்து, "போயிட்டு வாங்க" என்பார். வெயிலில் இன்னும் ஏழு மைல்.

ஒருமுறை அப்படித் திருப்பி அனுப்பியது நன்றாக நினைவிருக்கிறது. ஒரு எல்லைக்கல்லை யார் பிடுங்கினார்கள் என்று விசாரணை. பார்த்த சாட்சி ஒரு பூக்காரம்மா, சம்பங்கித் தோட்டத்தில் வேலை செய்கிறவள். எப்போது பார்த்தாய் என்று கேட்டதற்கு, "என் நெழலு ஆறடி இருக்கும்யா" என்றாள். நான் சிரித்துக்கொண்டே 'சுமார் மாலை நான்கு மணி' என்று எழுதினேன். டெபுடி சாரின் பென்சில் அங்கே நின்றது.

"அந்தம்மா நாலு மணின்னு சொன்னாங்களா?"

"இல்ல சார். நெழல் ஆறடின்னாங்க."

"அப்ப அவங்க வாயில ஒங்க கடிகாரத்தை ஏன் வச்சீங்க? போயிட்டு வாங்க."

போனேன். அந்த அம்மாள் செருப்பில்லாத காலால், குதிகாலைப் பெருவிரலோடு ஒட்டி ஒட்டி வைத்துத் தன் நிழலைத் தானே அளந்து காட்டினாள். ஆறாவது அடியில் தலை நிழல் முடிந்தபோது என் கைக்கடிகாரத்தில் மூன்றுகூட ஆகவில்லை. நான்கு மணிக்குத் தான் பஸ்ஸில் இருந்ததாகச் சொன்ன ஆள் அதோடு மாட்டிக்கொண்டான். எனக்கு ஒரே ஆச்சரியம், கொஞ்சம் அவமானம். ஆனால் பாடம் படித்தேனா என்றால், இல்லை. படித்திருந்தால் அடுத்த கதையே நடந்திருக்காது.

தாடிக்கொம்புக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம். அந்த ஊர்க் குளத்து வாய்க்காலில் பகல் தண்ணீர் மற்ற எல்லாருக்கும், இரவுத் தண்ணீர் ரெண்டே பேருக்கு. மேல்மடையில் பெருமாள்சாமி. கடைமடையில் அவருடைய பங்காளி கருப்பண்ணன். விளக்கு வைக்கிற நேரத்திலிருந்து மேல்மடைக்குப் பாயும். ஆறாமீன் என்கிற கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் உச்சிக்கு வந்ததும் மடையை மாற்ற வேண்டும், விடிகிற வரை கடைமடைக்கு. அவர்களுடைய அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். மடைக்குப் பக்கத்தில் ஒரு பலகைக்கல் கிடந்தது. அதில் தெற்கே தலைவைத்து மல்லாந்து படுத்தால் கால்மாட்டில் ஒற்றைப் பனை. கிழக்கேயிருந்து ஏறி வருகிற ஆறாமீன் அந்தப் பனையின் கொண்டையைத் தொட்டால் அதுதான் உச்சி.

அந்த வருடம் ஐப்பசி முழுக்க மேக மூட்டம். மீனைக் காணோம். நாற்றங்காலுக்குத் தண்ணீர் கேட்டு "உச்சி தாண்டியாச்சு" என்று கருப்பண்ணன் சொல்ல, "இன்னும் இல்லை" என்று பெருமாள்சாமி சொல்ல, இருட்டில் மம்பட்டிக் காம்பு வீசிக் கருப்பண்ணனின் வலது கை முறிந்துபோனது. போலீஸ் வந்தது. இனிச் சண்டை போட மாட்டோம், சர்க்கார் போடுகிற உத்தரவை மீறினால் ஜெயிலுக்குப் போகச் சம்மதம் என்று ரெண்டு தரப்பிலும் முச்சலிக்கா எழுதி வாங்கினார்கள். தண்ணீர் முறையைச் சர்க்காரே நிர்ணயம் செய்யட்டும் என்று மனு எங்கள் ஆபீசுக்கு வந்தது. விசாரிக்க என்னை அனுப்பினார்கள்.

கார்த்திகை பிறந்து பத்து நாள் இருக்கும். அந்த ராத்திரி வானம் தெளிந்திருந்தது. தலையாரி, பெருமாள்சாமி, கருப்பண்ணனுக்குப் பதிலாக அவர் சம்சாரம் ராக்கம்மா ஆகியோர் சுற்றி நிற்க, நான் பலகைக்கல்லில் படுத்தேன். கல்லின் சில்லிப்பு முதுகில் ஏறியது. கல்யாணத்தில் என் மாமனார் போட்ட கைக்கடிகாரத்தில் முள் இருட்டில் பச்சையாக மின்னும். ஆறாமீன் பனங்கொண்டையில் உட்கார்ந்தபோது மணி பார்த்தேன். பன்னிரண்டு. ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை.

எனக்குக் குஷி தாங்கவில்லை. ஆகா, பாதி ராத்திரி! இந்த ஜனங்கள் மீனு, பனை என்று சுற்றி வளைத்துச் சொல்வது கடைசியில் சரிபாதிப் பங்கைத்தானே! ஒரு கடிகாரத்தால் தீர்கிற விஷயத்துக்கா கையை முறித்துக்கொண்டார்கள்? கல்லிலிருந்து எழுந்து, "இனிமே மீனைப் பாக்க வேண்டியதில்லை. பன்னெண்டு மணி. அம்புட்டுத்தான்" என்று அறிவித்தேன்.

ராக்கம்மாவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கலாம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஐயா, இன்னைக்குப் பன்னெண்டு சரிதேன். மீனு நின்ன எடத்துலயே நிக்காதுல்ல? தையில வெளக்கு வச்சு செத்த நேரத்துல உச்சிக்கு வந்துருமே."

"அட, இங்க பாரும்மா. மேகம் மூடுனா ஒங்க மீனைக் காணோம். எங்க மணியை எந்த மேகம் மூடும்?"

தலையாரி சிரித்தான். பெருமாள்சாமி சிரித்தார். ராக்கம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். நான் சொன்ன பதிலை நானே மெச்சிக்கொண்டேன். அவள் கேட்டதற்கு அது பதிலே இல்லை என்று எனக்குத் தெரியவில்லை. யாருக்கும் சண்டை வேண்டாம் என்ற அவசரம். முறிந்த கையோடு புருஷன் வீட்டில் கிடக்கிறான். அவள் கட்டைவிரல் வைத்தாள், பெருமாள்சாமி கையெழுத்துப் போட்டார்.

உத்தரவு வரைவை நான் எழுதினேன். அந்தத் தம்பி மாதிரிக்குக் காட்டியதாகச் சொன்ன உத்தரவு அதுதான். 'இரவு பன்னிரண்டு மணி வரை மேல்மடை. பன்னிரண்டு முதல் விடியும் வரை கடைமடை. பன்னிரண்டு மணிக்கு முன் கடைமடைக்கு எக்காரணம் கொண்டும் தண்ணீர் செல்லலாகாது.' கடைசி வரிக்கு அடிக்கோடு வேறு. டெபுடி சார் படித்தார். பென்சில் வழக்கம்போல ஊர்ந்து வந்து மணியில் நின்றது.

"கண்ணால பாத்ததா?"

"கண்ணால பாத்தேன் சார். கல்லுல படுத்தே பாத்தேன்."

"எத்தனை ராத்திரி?"

என் வேலை நிரந்தரமாகிற ஃபைல் அன்றைக்கு அவர் மேசையிலேயே இருந்தது. ஒரே ராத்திரி என்றால், "போயிட்டு வாங்க" என்பார். மார்கழிப் பனி. வீட்டில் மனைவி நிறைமாதம்.

"நாலு ராத்திரி சார். விட்டு விட்டு" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை. கையெழுத்தானது. வேலையும் நிரந்தரமானது.

இப்போது என் முட்டாள்தனத்தை விளக்கிவிடுகிறேன். ஆறாமீன் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட நாலு நிமிஷம் முன்னதாக உச்சிக்கு வரும். மாதத்துக்கு ரெண்டு மணி நேரம். ஐப்பசியில் அது ரெண்டு மணிக்கு வருகிறது, கார்த்திகையில் பன்னிரண்டு, மார்கழியில் பத்து, தையில் எட்டு. மாசியில் இருட்டுவதற்குள்ளேயே உச்சிக்கு வந்திருக்கும். அந்தக் குடும்பத்தின் முன்னோர் இது தெரியாமலா வைத்தார்கள்? பெருமாள்சாமியின் நிலம் செவல் மண். மழையோடு மழையாக முதலிலேயே நட்டுவிடலாம், தையில் அறுப்பு. அவருக்கு ஐப்பசியில்தான் தண்ணீர் வேண்டும், தையில் வேண்டாம். கருப்பண்ணனின் நிலம் களி. மழையில் தண்ணீர் கட்டிக்கொண்டு கார்த்திகை வரை கால் வைக்க முடியாது. அப்புறம் நட்டு, தை மாசியில்தான் கதிர் வாங்கும். அவர்களுக்குத் தையில் கிட்டத்தட்ட முழு ராத்திரியும் தண்ணீர் வேண்டும். மீன் நகர நகர, தண்ணீர் தானாக மேலேயிருந்து கீழே கைமாறியது. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஓடுகிற அந்த ஏற்பாட்டை நான் ஒரு ராத்திரி பார்த்துவிட்டு ஆணி அடித்து நிறுத்தினேன்.

தை மாதம் அடங்கல் பார்க்க அந்தப் பக்கம் போயிருந்தேன். திரும்பும்போது சைக்கிள் பஞ்சர். உருட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் வரும்போது ராத்திரி எட்டரை இருக்கும். மேல்மடையில் அரிக்கேன் வெளிச்சம். பக்கத்தில் தகரப்பெட்டி மேல் ஒரு அலாரம் டைம்பீஸ், அதன் எதிரே குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார் பெருமாள்சாமி. தண்ணீர் சலசலவென்று சத்தம் போட்டுக்கொண்டு போகிறது. எங்கே போகிறது என்று பார்த்தேன். அவர் வயலுக்கு அல்ல. வயலில் நெல் மஞ்சளாக விளைந்து அறுப்புக்கு நிற்கிறது. மடைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வெட்டு வெட்டி, குளத்துத் தண்ணீரை அப்படியே ஓடையில் விட்டுக்கொண்டிருந்தார்.

"என்னய்யா இது? தண்ணியை ஓடைக்கு விடுறீங்க?"

அவர் பதறி எழுந்தார். "வேற என்னய்யா செய்ய? வர்ற தண்ணியை அடைச்சா வாய்க்காக் கரை ஒடைஞ்சுரும். என் வயல்ல பாஞ்சா கதிரு சாஞ்சு அழுகிப்போகும். மதினி வயலுக்கு விடலாம்னா பன்னெண்டு ஆகலையே!" டைம்பீசை எடுத்து என்னிடமே காட்டினார். "எட்டே முக்காலு. ஒங்க தாள்ல அடிக்கோடு போட்டுல்ல இருக்கு? மீறுனா முச்சலிக்காவுல ஜெயிலுய்யா. ஏற்கெனவே அண்ணன் கையை முறிச்ச பாவி நானு. எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைக."

அப்போதுதான் இருட்டில் இன்னொரு ஆள் இருப்பது தெரிந்தது. கடைமடை வரப்பில் ராக்கம்மா உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்தாள். அரிக்கேனைக் கையில் எடுத்துத் தன் வயலைக் காட்டினாள். பால் பிடிக்க வேண்டிய பயிர். இலை சுருண்டு ஊசியாக நிற்கிறது. பாதி ராத்திரிக்கு மேல் விடுகிற தண்ணீர் வெடித்த களிமண்ணைத் தாண்டி வயலில் பாதிகூட நனைக்கவில்லை.

"ஒங்களத்தேன்யா எதிர்பார்த்துக்கிட்டு இருந்தேன். தை பொறந்ததும் வந்து மணியை மாத்தி எழுதுவீகன்னு நெனச்சேன். மாசா மாசம் மாத்துவீகளாக்கும்னு." அவள் குரலில் கோபமே இல்லை. "தம்பி மேலயும் குத்தமில்ல. அவுகளும் நெதம் இங்கனதேன் ஒக்காந்து கெடக்காக. நீங்க ஒரு வார்த்தை சொன்னா இப்பவே தொறந்துருவாக."

ஒரு வார்த்தை. 'திறந்து விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.' சொல்லியிருக்கலாம். பெருமாள்சாமி மம்பட்டியைக் கையில் எடுத்துத் தயாராகவே நின்றார். அண்ணாந்து பார்த்தேன். ஆறாமீன் பனையைத் தாண்டி மேற்கே சாய்ந்திருந்தது. அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதும் முதலில் வந்தது இரக்கம் அல்ல, பயம். வாயால் மாற்றினால் எழுத்தில் மாற்ற வேண்டும். எழுத்தில் மாற்ற டெபுடி சாரிடம் போக வேண்டும். அந்த நாலு ராத்திரி என்ன ஆனது என்று அவர் கேட்பார்.

"மேல கேட்டுட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் எழுத்துல இருக்கிறபடி செய்யுங்க" என்றேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு கிளம்பினேன். ஓடையில் தண்ணீர் விழுகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.

பதினெட்டு நாள் ஆனது எனக்கு. முதல் நாள் டெபுடி சார் கேம்ப். அடுத்த நாள் கிஸ்தி வசூல் கணக்கு. அதற்கடுத்து என் மூத்த பெண் பிறந்தாள். வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள், நான் பிள்ளையைத் தூக்கவும் கூசிக்கொண்டு நின்றேன். நாளைக்குச் சொல்லிவிடுவோம், நாளைக்குச் சொல்லிவிடுவோம் என்றே ஓடியது. ஒவ்வொரு நாளும் விளக்கு வைத்தால் எனக்கு அந்த டைம்பீஸ்தான் கண்ணில் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை. என்னைப் போல ஒரு கோழையை இந்தத் துறை பார்த்திருக்காது.

கடைசியில் ஒரு காலையில் அவர் மேசைக்கு முன்னால் நின்று சொன்னேன். ஒரே ராத்திரிதான் பார்த்தேன் என்பது உட்பட எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு தாளை எடுத்து, பென்சிலைத் தொடாமல் நேராக மையிலேயே எழுதினார். பழைய உத்தரவு ரத்து, பழைய வழக்கப்படி ஆறாமீன் உச்சிக்கு வரும்போது மடை மாற்ற வேண்டியது, மூட்டமாக இருந்தால் அந்தந்த மாதத்துக்கு இத்தனை மணி என்று. ரெண்டே நிமிஷ வேலை. "சைக்கிளை எடுங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பகல் உச்சி. கடைமடை வயலில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. முதலில் யாரோ அத்துமீறி விட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால், பெருமாள்சாமியின் மாடுகள். அவற்றை ஓட்டிவந்து விட்டவள் ராக்கம்மாவேதான். கதிர் பூராவும் பதர். அறுத்தால் கூலிக்குக் காணாது, மாடாவது தின்னட்டும் என்று விட்டிருக்கிறாள். கருப்பண்ணன் தொங்கிய கையோடு வரப்பில் உட்கார்ந்திருந்தார். ஏறிட்டுப் பார்க்கவில்லை. மூணாறு தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிற கங்காணியிடம் பெயர் கொடுத்தாகிவிட்டது, வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு கிளம்புகிறார்கள் என்று பெருமாள்சாமி சொன்னார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

டெபுடி சார் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு வயலில் இறங்கினார். ஒரு கதிரைப் பிடுங்கி உள்ளங்கையில் கசக்கி ஊதினார். எல்லாம் பறந்தது. ராக்கம்மாவிடம் போய்க் கைகூப்பினார். ஒரு டெபுடி தாசில்தார் ஒரு குடியானவப் பெண்ணிடம் கைகூப்பி அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"அம்மா, தப்பு எங்களுது. ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் அவரை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். என் முகம் எப்படி இருந்ததோ, எனக்குத் தெரியாது. சின்னப்பிள்ளைக்கு ஆறுதல் சொல்கிற மாதிரிக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க மனசை விட்றாதீகய்யா. அன்னைக்கே நான் மீனைப் பத்திச் சொன்னப்ப ஒங்களுக்கு வெளங்கிருச்சுன்னு எனக்குத் தெரியும். நீங்க சரியாத்தேன் எழுதிருப்பீக. இந்தா நிக்கிறாகளே, இந்தப் பெரியவுகதேன் மாத்திப்புட்டாக. ஒங்க உத்தியோகத்துல மேல உள்ளவுகளை எதுத்துப் பேச முடியுமா?"

டெபுடி சாருக்கும் அது கேட்டது. அவர் மறுக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் பேசட்டும் என்று அவர் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.